மூட்டு 'மிகை இயக்க'மா, மிகைநெகிழ்மையா?

தங்கை நீட்டிய தாளில் மறுபடியும் அதே சொல். அவள் மகளுக்குப் பல மாதமாக முழங்காலிலும் மணிக்கட்டிலும் வலி. பயிற்சிகள் அச்சிட்ட அந்தத் தாளின் தலைப்பு 'மூட்டு மிகை இயக்க நோய்'. "ரொம்ப ஆடி ஓடுறதால வந்ததாம்ணா, பரதநாட்டியத்தை நிறுத்திட்டேன்" என்றாள். உள்ளே அப்படி ஒரு வரிகூட இல்லை. தலைப்பைப் படித்தே முடிவுகட்டிவிட்டாள்.

ஆங்கிலத்தில் இது ஹைப்பர்மொபிலிட்டி: மூட்டு வழக்கத்தைவிட அதிகமாக வளையும் தன்மை. அதில் 'ஹைப்பர்' கிரேக்கம்: மேல், மிகை. 'மொபிலிஸ்' லத்தீன்: அசையக்கூடிய. அந்தக் 'கூடிய'வைத்தான் மொழிபெயர்ப்பாளர்கள் தொலைத்துவிட்டார்கள். நாளெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கும் இது இருக்கலாம். மருமகளிடம் மணிக்கட்டை மடக்கிக் கட்டைவிரலை அழுத்தச் சொன்னேன். முன்கையில் போய்ப் படிந்துகொண்டது. மூட்டுகள் எவ்வளவு வளைகின்றன என்று மதிப்பெண் போடும் பெய்ட்டன் அளவையில் அதற்குக் கைக்கு ஒரு மதிப்பெண். சுண்டுவிரல், முழங்கை, முழங்கால் பின்னுக்கு வளைவது, முழங்கால் மடங்காமல் குனிந்து உள்ளங்கையைத் தரையில் பதிப்பது எல்லாம் சேர்த்து மொத்தம் 9. மூட்டு எதுவரை போகும் என்றுதான் பார்க்கிறார்கள், எத்தனை தடவை அசைகிறது என்றல்ல. போதாததற்கு, ஓரிடத்தில் உட்காராமல் துறுதுறுவென்று இருக்கும் பிள்ளைகளைப் பற்றி எழுதும்போதும் இதே 'மிகை இயக்கம்'தான்! இரண்டையும் படிக்கிற தாய் என்ன நினைப்பாள்?

இன்னொரு கூட்டம் 'மூட்டுத் தளர்ச்சி' என்கிறது. இது அதைவிட மோசம். சுவர் விளம்பரங்களில் 'நரம்புத் தளர்ச்சி' படித்து வளர்ந்த நமக்குத் தளர்ச்சி என்றாலே வலுப் போய்விட்டது, இனிப் படுக்கைதான் என்ற எண்ணம். ஆய்வுகள் காட்டும் வழி வேறு. 2004இல் வெளியான ஓர் ஆய்வில், வலியோடு இந்த நிலை உள்ளவர்கள் 8 வாரம் வீட்டிலேயே உடற்பயிற்சி செய்தார்கள். மூட்டு எந்த நிலையில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டும் அறிகிற உணர்வு கூர்மையானது; வலியும் குறைந்தது. தசைக்கு வலுவேற்றுவதே மருந்தாக இருக்கும் இடத்தில் 'தளர்ச்சி' என்று எழுதினால் எழுந்து நிற்க யாருக்கு மனம் வரும்?

'நோய்' என்பதையும் எல்லோர் தலையிலும் கட்டக் கூடாது. மூட்டு நன்றாக வளைந்தும் வலியே இல்லாதவர்கள் ஏராளம். இந்த நிலைகளுக்கு 2017இல் வெளியான மருத்துவ வகைப்பாடும் அவர்களைத் தனியாகவே வைக்கிறது.

'மிகைநெகிழ்மை' என்பேன். சங்கப் பாட்டில் தலைவனைப் பிரிந்தவளின் வளை நெகிழும்; இறுக்கிப் பிடித்தது பிடி விடுவதே நெகிழ்தல். எலும்புகளைப் பிணைக்கும் நார்களுக்கு இது அப்படியே பொருந்துகிறது. 'நெகிழ்ச்சி'யைச் செய்தித்தாள்கள் கண்ணீர்ச் சம்பவங்களுக்கு எடுத்துக்கொண்டுவிட்டன. 'நெகிழ்வு' நடப்பதைச் சொல்லும். 'மை' சேர்ந்தால் மென்மை, இளமை போலத் தன்மையைச் சொல்லும். இங்கே வேண்டியது அதுதான்.

மொழிபெயர்த்ததை ஒரே ஒரு நோயாளியிடம் படித்துக்காட்டி "என்னம்மா புரிஞ்சது?" என்று கேட்டிருந்தால் இந்தத் தலைப்பு அச்சேறியிருக்காது.

அதை அடித்து, மேலே திருத்தி எழுதிக் கொடுத்தேன். ஆடலாமா கூடாதா என்று பிசியோதெரபிஸ்டிடமே கேட்டுவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன். சலங்கை இன்னும் பரண்மேல்தான் இருக்கிறது.