ஒரே ஹெட்போன், இரண்டு ஆம்ப், இரண்டு விதமான பேஸ்

என்னிடம் 300 ஓம் ஹெட்போன் ஒன்று இருக்கிறது. மொபைலில் செருகினால் டிரம் அடி இறுக்கமாக, அளவாகக் கேட்கும். பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரில் செருகினால் அதே அடி கொஞ்சம் தடித்து, உருண்டு வரும். ஆம்புக்கென்று தனி 'குணம்' உண்டு என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். உண்மையில் அது பள்ளிக்கூடத்து ஓம் விதிக் கணக்கு.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் 300 ஓம் என்பது ஹெட்போனின் இம்பீடன்ஸ், அதாவது மின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு. அது எல்லா ஒலிக்கும் பொருந்தாது. ஹெட்போனின் சவ்வுக்கு இயல்பாகவே அதிர ஒரு சுருதி உண்டு; என் ஹெட்போனில் அது 100 ஹெர்ட்ஸ் பக்கம். அங்கே சவ்வு தாராளமாக ஆடும். அதோடு ஒட்டிய கம்பிச்சுருளும் காந்தத்துக்குள் வேகமாக ஆடி, ஒரு குட்டி ஜெனரேட்டர் போல எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கும். வருகிற மின்னோட்டத்தை அது தடுப்பதால், இம்பீடன்ஸ் அந்த இடத்தில் மட்டும் 600 ஓம் வரை எகிறிவிடும்.

ஆம்புக்கு உள்ளேயும் ஒரு இம்பீடன்ஸ் இருக்கிறது. பழைய ஸ்டீரியோக்கள் பலவற்றில் ஸ்பீக்கருக்குப் போகும் சிக்னலையே ஒரு பெரிய ரெசிஸ்டர் வழியாக ஹெட்போனுக்கு விட்டிருப்பார்கள். அது 120 ஓம் என்று வையுங்கள். மின்னழுத்தத்தை இரண்டும் பங்கு போட்டுக்கொள்ளும். 300 ஓம் இருக்கும் இடத்தில் ஹெட்போனுக்கு 71 சதவீதம், 600 ஓம் இடத்தில் 83 சதவீதம். வித்தியாசம் சுமார் 1.3 டெசிபல். 100 ஹெர்ட்ஸ் பக்கம் மட்டும் சத்தம் கூடி டிரம் தடித்தது இதனால்தான். மொபைலின் உள் இம்பீடன்ஸ் ஓரிரு ஓம்தான் என்பதால் அங்கே இந்தப் பாகுபாடு இல்லை.

காதுக்குள் செருகும் இயர்போன்களில், அதுவும் பல டிரைவர் (ஒலி எழுப்பும் சிறு பாகம்) கொண்டவற்றில், இந்தச் சிக்கல் இன்னும் பெரிது. ஒரு சுருதியில் 8 ஓம், இன்னொன்றில் 40 ஓம் என்று அலைபாயும் இயர்போனை 10 ஓம் ஆம்பில் செருகினால் ஒலியின் சமநிலை 5 டெசிபல் வரை சாய்ந்துவிடும். ஆளே மாறிவிட்ட மாதிரி இருக்கும்! அதனால்தான் ஆம்பின் இம்பீடன்ஸ் ஹெட்போனுடையதில் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும் என்பார்கள். தட்டையான சவ்விலேயே கம்பி பரவியிருக்கும் பிளேனார் வகை ஹெட்போன்களுக்கு இந்தக் கவலை கிட்டத்தட்ட இல்லை. அவற்றின் இம்பீடன்ஸ் எல்லாச் சுருதியிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

சரி, பெரிய ஆம்ப் வாங்கினால் சத்தம் அள்ளுமா? பவரை இரட்டிப்பாக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல். சென்சிட்டிவிட்டி அதிகமான, அதாவது கொஞ்சம் பவரிலேயே உரக்க ஒலிக்கும் இயர்போனில் பெரிய ஆம்பைப் போட்டால் பாட்டு நிற்கும் இடைவெளியில் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல்தான் மிஞ்சும்.

அப்புறம், இரண்டு கருவிகளை ஒப்பிடும்போது வால்யூமைச் சமமாக வையுங்கள். சத்தம் கூடக்கூட நம் காதுக்கு பேஸ் கூடுதலாகக் கேட்கும்; ஃபிளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் இதை 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். ஒரு டெசிபல் கூட்டி வைத்த கருவி பெரும்பாலும் 'நல்ல' கருவியாகிவிடும். நானும் அப்படி ஏமாந்து செலவு செய்திருக்கிறேன்.

போன வாரம் மொபைல் ஈக்வலைசரில் 100 ஹெர்ட்ஸ் பக்கம் ஒன்றரை டெசிபல் ஏற்றிப் பார்த்தேன். பழைய ஸ்டீரியோவின் அந்தத் தடித்த டிரம், கிட்டத்தட்ட அப்படியே வந்துவிட்டது.