பழைய கூரையில் கிரைண்டரை வைக்காதீர்கள்

கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். 1970களில் தந்தை கட்டிய வீட்டைத் திருத்துகிறார்களாம். அஸ்பெஸ்டஸ் கூரையைக் கழற்றிவிட்டு மேல்மாடி எழுப்பும் திட்டம். கழற்றிய தகடுகளை வீணாக்காமல், சுழலும் தகடுள்ள மின்சார வெட்டுக் கருவியான கிரைண்டரால் அளவுக்கு வெட்டி, குசினிக்குப் பின்னால் ஒரு பத்தி (சாய்ப்புக் கூரை) இறக்கித் தருவதாக மேசன் சொல்கிறார். "40 வருடத்துக்கு மேலாக இதன் கீழ்தானே இருந்தோம், இப்போது மட்டும் என்ன ஆகிவிடும்?" என்று கேட்கிறார் வாசகி.

அந்தத் தகட்டின் பெரும்பகுதி சீமெந்து. ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் அஸ்பெஸ்டஸ் நார். தகடு உடையாமல் இருக்கும்வரை சீமெந்து அந்த நாரைப் பெருமளவு பிடித்து வைத்திருக்கும். பல ஆண்டு மழையில் மேற்பரப்பு அரிபட்டு, பாசிக்கு அடியில் நார் தலைநீட்டத் தொடங்கும். பெயிண்ட் அடிப்பதற்காக அந்தப் பாசியைக் கம்பி பிரஷால் சுரண்டுவதும் ஆபத்துதான். கிரைண்டர் அதைவிடப் பல மடங்கு மோசம். ஏன் என்று அறிய அந்த நாரைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும்.

அஸ்பெஸ்டஸ் பூமிக்கடியிலிருந்து தோண்டியெடுக்கும் கனிமம். கூரைத் தகடுகளில் பெரும்பாலும் இருப்பது கிரைசோடைல் என்னும் வெள்ளை வகை. அதில் சிலிக்கா அடுக்கு ஒன்றும் மக்னீசியம் ஹைட்ரொக்சைட் அடுக்கு ஒன்றும் முதுகோடு முதுகாக ஒட்டியிருக்கின்றன. இரண்டாவது அடுக்கு முதலாவதைவிடச் சற்றே அகலம். ஒட்டிய இரண்டுக்கும் அளவு பொருந்தாவிட்டால் தட்டையாகக் கிடக்க முடியாது. ஒரு பக்கம் கூடுதலாகக் காய்ந்த வாழைச்சருகு சுருள்வதுபோல, அகலமான அடுக்கு வெளியே வரும்படி இரண்டும் சேர்ந்து சுருண்டு, சுருட்டிய பாய்போல ஒரு குழாயாகிவிடுகின்றன. ஒரு குழாயின் தடிப்பு சுமார் 25 நனோமீற்றர். தலைமுடி ஒன்றின் குறுக்கே இப்படி 2,000க்கும் மேற்பட்ட குழாய்களை அடுக்கலாம். அணு அளவிலான ஒரு சின்னப் பொருத்தமின்மை கல்லை நூலாக்கிவிடுகிறது. கனிமவியலில் எனக்கு இதைவிட அழகான விடயம் இல்லை.

அந்த அழகில்தான் ஆபத்தும் இருக்கிறது. செங்கல்லை அரைத்தால் துகள் கிடைக்கும். அஸ்பெஸ்டஸை அரைத்தால், ஊறிய தேங்காய் மட்டை தும்பு தும்பாகப் பிரிவதுபோல, நீளவாக்கில் மேலும் மேலும் மெல்லிய நாராகப் பிரியும். காற்றில் மிதக்கும் ஒரு நார் எவ்வளவு வேகமாகக் கீழே விழும் என்பதைப் பெரும்பாலும் அதன் தடிப்புத்தான் தீர்மானிக்கிறது, நீளம் அல்ல. ஆகவே நீளமான நாரும் நுண்ணிய தூசிபோல மணிக்கணக்கில் அறைக்குள் மிதக்கும். மூச்சை இழுத்தால், ஓடையில் போகும் ஈர்க்குப்போலக் காற்றோட்டத்தின் போக்கிலேயே திரும்பி, மூக்கையும் தொண்டையையும் தாண்டி நுரையீரலின் கடைசிக் காற்றறைவரை போய்விடும்.

அங்கே காவலுக்கு நிற்கும் விழுங்கு செல்லின் அகலம் சுமார் 20 மைக்ரோமீற்றர். வழக்கமான தூசியை அது விழுங்கி அப்புறப்படுத்திவிடும். தன்னைவிட நீளமான நார் வந்தால் ஒரு முனையை மட்டும் கவ்விக்கொண்டு, விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் வாய் திறந்தபடி நிற்கும். கிருமிகளைக் கொல்ல வைத்திருக்கும் இரசாயனங்கள் அந்தத் திறந்த வாய் வழியே நம்முடைய திசுக்களின் மேலேயே கசியும். உதவிக்கு வரும் செல்களுக்கும் அதே கதி. இது ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் நுரையீரலில் தழும்பும், 20 முதல் 50 ஆண்டுகள் கழித்து நுரையீரல் புற்றுநோயோ, நுரையீரலைச் சூழ்ந்த சவ்வில் மீசோதெலியோமா என்னும் புற்றுநோயோ வரலாம். புகைப்பவருக்கு நுரையீரல் புற்றுநோயின் அபாயம் பல மடங்கு கூடும்.

வேலை முடிந்ததும் வாழைப்பழம் சாப்பிட்டால் தூசி இறங்கிவிடும் என்று மேசன்மார் நம்புவதைப் பார்த்திருக்கிறேன். பழம் போவது உணவுக்குழாயில், நார் போனது மூச்சுக்குழாயில். உழைக்கும் மனிதரை இந்த நம்பிக்கையோடு கூரையில் ஏற்றுவது எனக்குப் பொறுக்கவில்லை. மகரகமைப் புற்றுநோய் மருத்துவமனைக்குப் போகும் நோயாளியிடம், 30 ஆண்டுகளுக்கு முன் என்ன தொழில் செய்தீர்கள் என்று கேட்டுப் பதிவு செய்யும் ஆராய்ச்சிக்குப் பணம் தாராளமாக ஒதுக்கப்பட வேண்டும். இலங்கை 1987இல் நீல வகை அஸ்பெஸ்டஸைத் தடைசெய்தது. வெள்ளை வகை மீது 2018 முதல் வரவிருந்த கட்டுப்பாடு, நமக்கு அஸ்பெஸ்டஸ் விற்கும் ரஷ்யா நமது தேயிலை இறக்குமதியை நிறுத்தியதும் பின்வாங்கப்பட்டது. நுரையீரலை வைத்துத் தேயிலைக்குப் பேரம் பேசியதை நான் ஏற்கவில்லை.

பழைய வீட்டைத் திருத்தும்போது கவனிக்க இன்னொன்றும் உண்டு: பழைய கதவு, யன்னல்களின் எனாமல் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். இலங்கையில் அதற்குச் சட்ட எல்லை நடைமுறைக்கு வந்ததே 2013இல்தான். அதையும் உலர்வாகத் தேய்க்காதீர்கள். குழந்தைகள் வீட்டில் இருந்தால் கட்டாயம் வேண்டாம்.

வாசகிக்கு என் பதில்: பத்தி வேண்டாம். இந்த வேலையில் அனுபவமுள்ளவர்களை அழையுங்கள். தகடுகளை மெல்லிய தூறலாக நனைத்து, போல்டுகளைக் கழற்றி, முழுத் தகடாகவே இறக்க வேண்டும். மேலிருந்து எறியக் கூடாது. தடித்த பொலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றி, எங்கே ஒப்படைப்பது என்று மாநகர சபையிடம் கேளுங்கள். துணி முகக்கவசம் போதாது, மிக நுண்ணிய தூசியையும் வடிகட்டும் எஃப்எஃப்பி3 தர முகக்கவசம் தேவை. விழுந்த தூசியைத் தும்புத்தடியால் கூட்டாமல் ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் தகடுகளோடு கட்டிவிடுங்கள். தொழிலாளரின் சட்டையை வீட்டில் உதறித் துவைத்த மனைவிமாருக்கும் இந்த நோய் வந்திருக்கிறது. ஆகவே வேலை முடிந்ததும் தொழிலாளர்கள் அங்கேயே குளிக்கத் தண்ணீரும், மாற்றிக்கொள்ள ஆளுக்கொரு சாரமும் கொடுத்து அனுப்புங்கள்.