இல்லாத பள்ளத்தைப் பார்த்து நெஞ்சு ஏன் படபடக்கிறது?

அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழக ஆய்வகத்தில் சுமார் 20 அடி ஆழப் பள்ளம் ஒன்று இருந்தது. கணினி வரைந்த பள்ளம் அது. தலையில் விஆர் கருவியை, அதாவது கணினி உருவாக்கும் மெய்நிகர் உலகைக் கண்முன் காட்டும் கருவியை, மாட்டினால்தான் தெரியும். அதன் விளிம்பில் நின்றவர்களுக்கு இதயத் துடிப்பு கூடியதாக 2002-இல் வெளியான ஆய்வு காட்டியது. காலடியில் இருப்பது சமதரைதான் என்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

அந்த ஆய்வில் இன்னொரு வேலையும் செய்தார்கள். ஒன்றரை அங்குல உயர மரப்பலகையைக் கண்ணுக்குத் தெரியும் விளிம்போடு பொருந்தும்படி தரையில் போட்டார்கள். பாதத்தைச் சற்று முன்னே நீட்டினால் விரல்களுக்கு அடியில் ஒன்றுமில்லை. கண் பார்த்த பள்ளத்துக்குக் காலும் சாட்சி சொல்லிவிட்டது; துடிப்பு இன்னும் எகிறியது.

'அங்கேயே இருக்கிறேன்' என்ற உணர்வைப் புரிந்துகொள்ள, என் பார்வையில், இந்தப் பலகை ஒன்றே போதும். படம் எவ்வளவு தத்ரூபம் என்பது இரண்டாம்பட்சம். தலையைத் திருப்பினால் காட்சி எவ்வளவு நகர வேண்டும், குனிந்தால் மேசைக்கு அடியில் என்ன தெரிய வேண்டும் என்று மூளை ஓயாமல் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறது. எதிர்பார்த்தபடி வந்துவிட்டால் அந்த இடத்தை ஏற்றுக்கொள்கிறது. தலை திரும்பிய பிறகு படம் பின்தங்கி வந்தால் கணக்கு உதைக்கிறது, சிலருக்குக் குமட்டுகிறது. அந்தத் தாமதத்தை 20 மில்லி விநாடிக்குள் அடக்கப் பொறியாளர்கள் மெனக்கெடுவது இதற்காகத்தான்.

இடம் மட்டும் நம்பும்படி இருந்தால் போதாது என்கிறார் இத்துறையின் முக்கிய ஆய்வாளர் மெல் ஸ்லேட்டர். அங்கே நடப்பதும் நிஜமாக நடப்பதுபோல் தோன்ற வேண்டும். நாம் செய்வதற்கு அந்த உலகம் பதில் சொல்ல வேண்டும். 2006-இல் அவரது குழு வெளியிட்ட சோதனையில், மெய்நிகர் பெண் ஒருத்தி தவறாகப் பதில் சொல்லும்போதெல்லாம் பங்கேற்பாளர்கள் அவளுக்கு 'மின் அதிர்ச்சி' தர வேண்டும். அவள் வலியில் முனகினாள், போதும் நிறுத்துங்கள் என்றாள். பொம்மை என்று தெரிந்தும் அவர்கள் பதறினார்கள். உடலில் பதற்றத்தின் அடையாளங்கள் பதிவாயின. அவளைப் பார்க்காமல் எழுத்து வழியாக மட்டும் தொடர்புகொண்டவர்களிடம் இந்தப் பதற்றம் குறைவு.

தெரிந்திருந்தும் உடல் இப்படி ஏமாறுவதை மருத்துவம் நல்ல வழியில் பயன்படுத்திக்கொண்டிருக்கிறது. சியாட்டில் நகரில் ஹன்டர் ஹாஃப்மன் குழுவினர், தீக்காயம் பட்டவர்களுக்குக் கட்டு மாற்றும் நேரத்தில், பனிப் பள்ளத்தாக்கில் மிதந்தபடி பனி உருண்டைகளை எறியும் மெய்நிகர் உலகைக் காட்டினார்கள். வலியை உணரவும் கவனம் வேண்டும். அந்தக் கவனத்தில் பெரும்பங்கைப் பனி உலகம் எடுத்துக்கொண்டதால், வழக்கமான வலி மருந்தோடு இதுவும் சேர்ந்தபோது வலி குறைந்ததாக நோயாளிகள் சொன்னார்கள்.