முட்டிக்குப் பாக்கிக் கணக்கு தெரியாது

மூட்டு மாற்று அறுவை முடிந்து ஆறாவது வாரம். முட்டி 70 டிகிரிக்கு மேல் மடங்கவில்லை, முழுசாக நீளவும் இல்லை. தினமும் பயிற்சி செய்கிறார்களா என்று பிசியோதெரபிஸ்டான நான் கேட்டால் எல்லா வீட்டிலும் ஒரே பதில்: "நீங்க வர்ற அன்னிக்கெல்லாம் ஒழுங்கா செய்றாங்களே!"

சிக்கலே அதுதான். பிசியோதெரபிஸ்ட் வாரம் மூன்று நாள், முக்கால் முக்கால் மணி நேரம் வந்தால் மொத்தம் இரண்டே கால் மணி நேரம். வாரத்துக்கு 168 மணி நேரம். மிச்ச நேரமெல்லாம் முட்டி உங்களோடுதான் இருக்கிறது. நாங்கள் வருவது கோணத்தை அளக்க, தப்பைத் திருத்த, அடுத்த பயிற்சியைச் சொல்லித்தர. மடக்கி விடுவதற்காக அல்ல.

இதைவிட மோசமானது, விட்டதைச் சேர்த்துச் செய்வது. மூன்று நாள் சும்மா இருந்துவிட்டு, நான்காம் நாள் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு மணி நேரம். அன்று மாலையே முட்டி சூடாகி வீங்கும். வீங்கிய முட்டி மடங்காது. தொடையின் முன்தசையும் சரியாக வேலை செய்யாது. வலிக்குப் பயந்து இன்னும் இரண்டு நாள் லீவு. உள்ளே தழும்புத் திசு மட்டும் லீவு எடுப்பதில்லை. முதல் ஆறு வாரம் அது இளசு, இழுத்த இழுப்புக்கு வரும். மூன்று மாதத்தில் இறுகிவிடும். பிறகு மயக்க மருந்து கொடுத்து மருத்துவர் மடக்க வேண்டிய நிலை கூட வரலாம். எண்ணெய் போட்டு நீவினால் இது இளகாது; ஆறாத தையலில் எண்ணெய் படுவது தொற்றுக்கு வழி.

மருத்துவர் வேறு மாதிரிச் சொல்லாதவரை, வேளைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம், நாளைக்கு மூன்று நான்கு வேளை போதும். காப்பிக்கு முன், குளித்த பின், சீரியலுக்கு முன் என்று ஏற்கெனவே நடக்கிற வேலையோடு கட்டிவிடுங்கள். முட்டியின் பின்பக்கத்தைப் படுக்கையில் அழுத்தித் தொடையை இறுக்கி 5 எண்ணுவது, 10 முறை. குதிகாலுக்கு அடியில் பிளாஸ்டிக் கவர் போட்டுக்கொண்டு மெல்ல இழுத்து மடக்குவது, 10 முறை. விழித்திருக்கும்போது மணிக்கொரு முறை பாதத்தை மேலும் கீழும் அசைப்பது. எழுதிக் கொடுத்த வலி மாத்திரையை அரை மணி நேரம் முன்பே போடுங்கள். முடிந்ததும் துணி சுற்றிய ஐஸ், 15 நிமிடம். வலி கொஞ்சம் கூடி அரை மணியில் அடங்கினால் அளவு சரி. மறுநாள் காலை வரை நீடித்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள். நிறுத்தாதீர்கள்.

கெண்டைக்காலில் புதிதாக வலி, வீக்கம் என்றால் பயிற்சியை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரிடம் போங்கள். காய்ச்சலோடு காயத்தில் கசிவு என்றாலும் அதேதான். திடீர் மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் உடனே 108.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பாசத்தில் முட்டிக்கு அடியில் தலையணை வைக்கிறீர்கள். அவர்களுக்குச் சுகமாகத்தான் இருக்கும், ஆனால் முட்டி மடங்கின வாக்கிலேயே இறுகிப்போகும். "நீள்றதுல 5 டிகிரிதானே குறையுது" என்பீர்கள். அந்த 5 டிகிரி நீளாவிட்டால் நிற்கிற நேரமெல்லாம் தொடைத் தசை பாரம் சுமக்கும், நடை சாயும். இன்றைக்கே அந்தத் தலையணையை எடுத்துவிட்டு, சுருட்டிய துண்டைக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். முதலில் 5 நிமிடம்.