செம்புத் தண்டு சொல்லும் சேதி

நீச்சல்குளத்து நீரைச் செம்பு அயனிகளால் சுத்தமாக வைக்கும் அயனாக்கியைக் கழற்றிப் பார்க்கிறீர்கள். இரண்டு செம்புத் தண்டுகளில் ஒன்று தேய்ந்து மெலிந்திருக்கிறது, மற்றொன்றில் வெள்ளையாகச் சுண்ணாம்பு பூத்திருக்கிறது. அப்படியானால் சுவரில் மாட்டியிருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அதன் முகப்பில் பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும். பெட்டிக்குள் மின்சாரம் வருகிறது என்பதற்கு மேல் அந்த விளக்கு பெரும்பாலும் எதுவும் சொல்வதில்லை.

செம்போடு கொஞ்சம் வெள்ளி கலந்த தண்டுகள் இவை. குறைந்த வோல்ட் டிசி மின்சாரம் பாயும்போது, நேர்முனையில் உள்ள தண்டு அயனிகளாகக் கரைந்து நீரில் சேர்கிறது. செம்பு பாசியை அடக்கும், வெள்ளி பாக்டீரியாவைக் கொல்லும். எதிர்முனையில் நடப்பது வேறு. அங்கே நீர் பிரிந்து ஹைட்ரஜன் குமிழிகள் கிளம்பும், தண்டைச் சுற்றிக் காரம் ஏறும், நீரிலுள்ள சுண்ணாம்பு அதன்மேல் படியும். அந்தப் படிவு தடித்துவிட்டால் மின்சாரம் பாயாது. அதனால்தான் பெட்டி சில நிமிடங்களுக்கு ஒருமுறை துருவத்தை, அதாவது நேர்முனையையும் எதிர்முனையையும், மாற்றிக்கொண்டே இருக்கிறது. இரண்டு தண்டுகளும் சமமாகத் தேயும், படிவும் உதிரும். மாற்றிவிடும் ரிலேயோ டிரான்சிஸ்டரோ பழுதானால் ஒரு தண்டு மட்டும் கரைந்துகொண்டே போகும்.

சரி, எப்படிச் சோதிப்பது? மெயின் மின்சாரத்தை அணைத்துவிட்டு, தண்டுகளுக்குப் போகும் இரண்டு வயர்களையும் கழற்றுங்கள். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து அந்த முனைகளில் இணைத்த பிறகு பெட்டியை இயக்குங்கள். பம்ப் ஓடினால்தான் வேலை செய்யும் பெட்டி என்றால் பம்பும் ஓட வேண்டும். பெட்டியில் எழுதியிருக்கும் வோல்ட்டை ஒட்டி ஓர் எண் வரும். அவசரப்படாமல் காத்திருங்கள். கொஞ்ச நேரத்தில் எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி தோன்ற வேண்டும். தோன்றினால் துருவம் மாறுகிறது.

வோல்ட் மட்டும் பார்த்து நிம்மதி அடைந்துவிடக் கூடாது. பாரம் இல்லாதபோது, அதாவது மின்சாரத்தை இழுக்க எதுவும் மாட்டாதபோது, சரியாகக் காட்டும் பெட்டி, பாரம் ஏறியதும் படுத்துவிடலாம். இதற்கு எனக்கு மிகவும் பிடித்த சோதனை, தண்டுகளுக்குப் பதிலாக ஒரு பழைய இழை பல்பை மாட்டுவது. 12 வோல்ட் பெட்டிக்குக் கார் பல்பு, 24 வோல்ட் என்றால் லாரி பல்பு. 12 வோல்ட்டில் 5 வாட் பல்பு ஏறக்குறைய 0.4 ஆம்பியர் இழுக்கும். துருவம் எப்படி மாறினாலும் இழை பல்பு எரியும். எல்இடி ஒரு பக்கம்தான் எரியும் என்பதால் அது வேண்டாம். ஒரு துருவத்தில் எரிந்து, மறு துருவத்தில் அணைந்தே கிடந்தால் பெட்டியில் பாதி போய்விட்டது. இரண்டிலும் நன்றாக எரிகிறதா? அப்போது பெட்டி மேல் குற்றமில்லை. தண்டையும் வயரையும் பாருங்கள்.

அப்புறம், எவ்வளவு மின்சாரம் பாய்ந்தால் எவ்வளவு உலோகம் கரையும் என்று சொல்லும் ஃபாரடேயின் கணக்கு இருக்கிறது. 1 ஆம்பியர் 1 மணி நேரம் பாய்ந்தால் சுமார் 1.2 கிராம் செம்பு கரையும். 50,000 லிட்டர் குளத்தில் லிட்டருக்கு 0.3 மில்லிகிராம் வேண்டுமென்றால் 15 கிராம் தேவை. அரை ஆம்பியரில் 25 மணி நேரம், தினம் 6 மணி நேரம் பம்ப் ஓடினால் நாலு நாளுக்குச் சற்று மேல். மீட்டர் அரை ஆம்பியர் காட்டியும் ஒரு வாரம் கழித்துச் செம்புச் சோதனைத் திரவம் நிறம் மாறவில்லையென்றால், நீரின் அமில, காரத் தன்மையைச் சொல்லும் பிஎச் அளவைப் பாருங்கள். அது 8-ஐத் தாண்டியிருந்தால், கரைந்த செம்பு நீரில் நிற்காமல் கீழே படிந்துகொண்டிருக்கும்.