இந்த இலக்கு யாருடையது?

1022இலிருந்து 13ஐக் கழியுங்கள். வரும் விடையிலிருந்து மறுபடியும் 13. 1009, 996, 983... ஓரிடத்தில் தவறினால் "நிறுத்துங்கள், 1022" என்று ஒரு குரல் வரும். முதலிலிருந்து தொடங்க வேண்டும். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் முகத்தில் எந்தச் சலனமும் இருக்காது. இதற்குச் சற்று முன்புதான், ஒரு வேலைக்கு நீங்கள் ஏன் தகுதியானவர் என்று அவர்கள் முன்னால் 5 நிமிடம் பேசி முடித்திருப்பீர்கள். ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1993இல் வெளியிட்ட சோதனை இது. மன அழுத்தத்தை ஆய்வுக்கூடத்தில் வரவழைக்க இன்றும் உலகெங்கும் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

அந்த நிமிடங்களில் மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸ், தன் பக்கத்திலுள்ள பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டுகிறது. பிட்யூட்டரி சுரக்கும் ஹார்மோன் ரத்தத்தில் கலந்து, சிறுநீரகங்களின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பிகளை எட்டுகிறது. அவை கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனைச் சுரக்கின்றன. ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது, உடல் ஒரு நெருக்கடிக்குத் தயாராகிறது. எச்சிலைப் பரிசோதித்தாலே கார்டிசால் எவ்வளவு ஏறியது என்று தெரிந்துவிடும். நெருக்கடி முடிந்ததும் அது இறங்கிவிட்டால் பிரச்சினை இல்லை. இறங்காமல் நிற்பதும் ஓயாமல் ஏறுவதும்தான் தூக்கத்தையும் ரத்த அழுத்தத்தையும் நோய் எதிர்ப்பு சக்தியையும் பாதிக்கின்றன.

எந்த மாதிரி நெருக்கடி கார்டிசாலை அதிகம் ஏற்றுகிறது? சாலி டிக்கர்சன், மார்கரெட் கெமெனி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2004இல் 208 ஆய்வுகளைச் சேர்த்து அலசினார்கள். வேலை கடினமாக இருந்தால் மட்டும் கார்டிசால் பெரிதாக ஏறிவிடவில்லை. பிறர் நம்மை எடைபோடுகிறார்கள், முடிவும் நம் கையில் இல்லை என்ற இரண்டும் சேரும்போதுதான் மிக அதிகமாக ஏறியது; இறங்கவும் நேரம் பிடித்தது.

சரி, இதற்கும் நாம் வைத்துக்கொள்ளும் இலக்குகளுக்கும் என்ன தொடர்பு?

கென்னன் ஷெல்டன், ஆண்ட்ரூ எலியட் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் மாணவர்களிடம் அவர்களுடைய இலக்குகளை எழுதச் சொல்லி, ஒவ்வொன்றையும் ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்டார்கள். பதில்களை நான்கு வகைக்குள் அடக்கலாம். யாரோ சொன்னதால் அல்லது ஏதோ பலன் கிடைக்கும் என்பதால் செய்வது ஒன்று. செய்யாவிட்டால் வெட்கமாகவோ குற்ற உணர்வாகவோ இருக்கும் என்பதால் செய்வது இன்னொன்று. இது முக்கியம் என்று நாமே நம்பிச் செய்வது மூன்றாவது. பிடித்திருப்பதால் செய்வது நான்காவது. 1999இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையின்படி, கடைசி இரண்டு காரணங்களால் இலக்கு வைத்தவர்கள் முயற்சியை விடாமல் தொடர்ந்தார்கள், எட்டவும் செய்தார்கள். எட்டிய பிறகு கிடைத்த மனநிறைவும் அவர்களுக்குத்தான் அதிகம். முதல் இரண்டு வகையில் வெற்றி பெற்றாலும் மனம் அவ்வளவாக நிறையவில்லை.

என்னைக் கேட்டால் இரண்டாவது வகைதான் மிகவும் ஆபத்தானது. முதல் வகையில் நிர்ப்பந்தம் வெளியே, கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்கிறது. இரண்டாவதில் அது உள்ளே குடியேறிவிடுகிறது. ட்ரியர் சோதனையின் அந்தக் குழு அறையைவிட்டு எழுந்து நம்மோடு வீட்டுக்கு வந்துவிட்டது போல. யாருமே பார்க்காத நேரத்திலும் நாம் எடைபோடப்படுகிறோம். நான் பல ஆண்டுகள் தினமும் விடியற்காலையில் எழ வேண்டும் என்று ஓர் இலக்கை வைத்திருந்தேன். ஏன் என்று ஒருநாள் உட்கார்ந்து எழுதிப் பார்த்தபோது, தாமதமாக எழுபவன் சோம்பேறி என்று சிறுவயதில் கேட்ட ஒரு குரலைத் தவிர வேறு காரணம் எதுவும் கிடைக்கவில்லை. அந்த இலக்கு எனக்குத் தந்தது தினமும் காலையில் ஒரு தோல்வியை மட்டும்தான்.

அப்படியானால் நமக்கே உரிய இலக்கு எதிலிருந்து வரும்? நம் விழுமியத்திலிருந்து. விழுமியம் என்பது பெரிய சொல்லாகத் தெரியலாம். உங்கள் வாழ்க்கையில் எதை விட்டுக்கொடுக்க மனம் ஒப்பாதோ அதுதான் உங்கள் விழுமியம். அதை நினைவுக்குக் கொண்டுவருவதே உடலில் மாற்றத்தை உண்டாக்குகிறது. டேவிட் கிரெஸ்வெல் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், ட்ரியர் சோதனை போன்ற ஒன்றுக்கு முன்னால் ஒரு பிரிவினர் தமக்கு மிக முக்கியமான விழுமியத்தைப் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொன்னார்கள். இன்னொரு பிரிவினருக்கு, தமக்கு அவ்வளவு முக்கியமில்லாத ஒன்றைப் பற்றிய கேள்விகள். முதல் பிரிவினருக்குக் கார்டிசால் குறைவாகவே ஏறியது. தன் மதிப்பு எதில் இருக்கிறது என்று தெரிந்தவருக்கு, எதிரே இருப்பவரின் தீர்ப்பு கொஞ்சம் சிறியதாகிவிடுகிறது போலும்.

இன்னொரு சிக்கலும் உண்டு: நம் இலக்குகளே ஒன்றோடொன்று மோதுவது. ராபர்ட் எம்மன்ஸ், லாரா கிங் இருவரும் 1988இல் இதை ஆராய்ந்தார்கள். முரண்படும் இலக்குகளைப் பற்றி மக்கள் திரும்பத் திரும்ப யோசித்தார்கள், ஆனால் செயலில் இறங்கியது குறைவு. உடல் உபாதைகளும் அவர்களிடம் கூடுதலாக இருந்தன. எல்லோரையும் மிஞ்ச வேண்டும், எல்லோரோடும் இணக்கமாகவும் இருக்க வேண்டும் என்று ஒரே நேரத்தில் விரும்பினால் களைப்பு வரத்தானே செய்யும்?

ஆகவே புதிதாக எதையும் சேர்ப்பதற்கு முன், இப்போது இருப்பவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் "ஏன்?" என்று கேளுங்கள். வரும் பதிலுக்கும் இன்னொரு "ஏன்?". அப்புறம் இதையும் கேளுங்கள்: நான் இதைச் சாதித்தது யாருக்குமே தெரியாது என்றால், அப்போதும் செய்வேனா? சில இலக்குகள் இங்கேயே உதிர்ந்துவிடும். சிலவற்றை மாற்றி எழுதினாலே போதும். "எடையைக் குறைக்க வேண்டும்" என்பதற்கு அடியில் "என் பிள்ளைகளோடு மூச்சு வாங்காமல் ஓடியாட வேண்டும்" என்ற ஆசை இருக்கலாம். அதையே இலக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

விழுமியத்தோடு பொருந்தும் இலக்கு எப்போதும் இனிக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். நோயுற்ற பெற்றோரைப் பராமரிப்பது சுகமான வேலை அல்ல. ஆனாலும் அதை முழு மனதோடு செய்பவருக்கு அது மூன்றாம் வகை. ஊர் என்ன சொல்லும் என்று செய்பவருக்கு இரண்டாம் வகை. வேலை ஒன்றுதான், களைப்பு வேறு.

கைவிட வேண்டிய இலக்குகளைப் பற்றியும் ஆய்வு நடந்திருக்கிறது. எட்ட முடியாத இலக்கை விட்டுவிடத் தெரிந்தவர்களுக்கு மன உளைச்சல் குறைவாக இருப்பதைக் கார்ஸ்டன் ராஷும் அவரோடு பணியாற்றியவர்களும் கண்டார்கள். விட்ட இடத்தில் அர்த்தமுள்ள வேறொன்றை எடுத்துக்கொள்வதும் நன்மை தருகிறது. விடியற்காலை இலக்கை விட்ட பிறகு, இரவு அரை மணி நேரம் வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பேசுவது என்று வைத்துக்கொண்டேன். இதற்கு அலாரம் தேவைப்படவில்லை.