முற்றுகையில் ஒரு கிராமம்: பெரிய சண்டையை ஆட்ட மேசையில் நடத்துபவர்கள் கவனிக்க வேண்டியவை

5 ஆட்டக்காரர்கள், தாக்க வரும் 40 கோப்ளின்கள் (குள்ளமான பூத எதிரிகள்), ஊரைக் காக்க நிற்கும் 20 விவசாயிகள். ஒவ்வொருவரின் முறைக்கும் 1 நிமிடம்தான் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு சுற்று முடிய 65 நிமிடம் ஆகும். கதாபாத்திரமேற்றுப் பகடை உருட்டி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் விதிப்படி ஒரு சுற்று என்பது கதைக்குள் 6 விநாடி. அந்த 6 விநாடியைக் கடக்க நமக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டும். அதில் ஒரு ஆட்டக்காரர் தன் கதாபாத்திரத்துக்காக ஏதாவது செய்வது 1 நிமிடம். மீதி 64 நிமிடமும் மற்றவர்கள் பகடை உருட்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ரோல்பிளேயிங் ஆட்டங்களை நடத்துவது என் தொழில். நான் நடத்திய முதல் முற்றுகை இந்தக் கணக்குப்படியே நடந்தது. 4 மணி நேரத்தில் 3 சுற்று முடிந்தது. ஊருக்குள் இருந்த தன் அக்காவைக் காப்பாற்ற வேண்டும் என்ற ஆசையோடு வந்து உட்கார்ந்த ஒருவர், மூன்றாவது சுற்றின் நடுவில், “இப்போது என் முறையா?” என்று கேட்டார். இன்னும் 27 கோப்ளின்கள் பாக்கி இருந்தன. அதன் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை. நேரமும் பணமும் செலவழித்து வந்த ஒருவரை நான் மணிக்கணக்கில் சும்மா உட்கார வைத்துவிட்டேன். அன்றிலிருந்து முற்றுகை ஆட்டம் என்றால் முதலில் நான் போடுவது காத்திருப்புக் கணக்குதான்.

இந்த ஆட்ட வகையின் பூர்வீகமே படைச் சண்டைதான். கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் 1971-ல் வெளியிட்ட செயின்மெயில், மினியேச்சர் பொம்மைகளை வைத்து விளையாடும் போர் ஆட்டம். அதன் படைப்போர் விதிகளில் ஒரு பொம்மை 20 வீரர்களைக் குறிக்கும். 1974-ல் கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸைக் கொண்டுவந்தபோது கவனம் தனி ஆளின் மேல் திரும்பியது. குகைக்குள் நுழையும் ஐந்து பேருக்கு அந்த ‘ஒரு ஆள், ஒரு முறை’ கணக்கு அருமையாகப் பொருந்தும். ஊரையே சூழ்ந்து நிற்கும் கூட்டத்துக்கும் அதையே நீட்டும்போதுதான் சிக்கல். அந்த இடத்தில் பழைய கணக்குக்குத் திரும்பிவிட வேண்டும்: கூட்டத்தைக் கூட்டமாக நடத்துங்கள், ஆட்டக்காரர்களை மட்டும் தனித்தனி ஆளாக நடத்துங்கள்.

விதிநூலே இதற்கு வழி தருகிறது. ஐந்தாம் பதிப்பின் 2014 டன்ஜன் மாஸ்டர் (ஆட்டத்தை நடத்துபவர்) கையேட்டில் கும்பல் தாக்குதலுக்கு ஒரு அட்டவணை உண்டு. எதிரி டி20 என்ற இருபது முகப் பகடையில் எவ்வளவு உருட்டினால் அடி விழும் என்று பார்த்து, அதற்கு எத்தனை பேர் சேர்ந்தால் ஒரு அடி என்று எடுத்துக்கொள்ளலாம். கோப்ளின் தாக்கும்போது உருட்டிய எண்ணோடு 4 கூட்டிக்கொள்ளும். கவச எண் 18 உள்ள வீராங்கனையை அடிக்க அது 14 உருட்ட வேண்டும். அட்டவணைப்படி 3 பேருக்கு 1 அடி. 12 கோப்ளின்கள் அவளைச் சூழ்ந்தால் 4 அடி, ஒவ்வொன்றுக்கும் சராசரி 5 சேதம், மொத்தம் 20. ஒரு பகடையும் உருளவில்லை, பத்து விநாடியில் முடிந்துவிட்டது. சூழ்ந்துகொண்டார்கள் என்ற பயம் மட்டும் அவளுக்கு முழுதாகப் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஃபயர்பால் என்ற நெருப்புப் பந்து மந்திரத்திலும் இப்படித்தான். 20 அடி ஆரம், 8 ஆறுமுகப் பகடைகள், சராசரி 28 சேதம். 2014 விதிகளில் கோப்ளினின் உயிர்ப் புள்ளி 7, அவ்வளவு சேதம் பட்டால் விழுந்துவிடும். தப்பிக்கும் உருட்டலில் ஜெயித்துப் பாதிச் சேதம் வாங்கினாலும் 14. அப்புறம் எதற்கு அத்தனை பேருக்கும் தனித்தனியாக உருட்ட வேண்டும்? வட்டத்துக்குள் இருந்தவர்கள் விழுந்தார்கள் என்று சொல்லிவிட்டு, மிச்சமான நேரத்தை அந்த மந்திரத்தின் அடுத்த வரிக்குக் கொடுங்கள்: ஒருவர் அணிந்தோ கையில் வைத்தோ இல்லாத, எரியக்கூடிய எதையும் அந்த நெருப்பு பற்றவைக்கும். கூரை வேய்ந்த வீடுகள் நிறைந்த கிராமம் இது. மந்திரவாதியிடம் மந்திரம் வீசும் முன்பே இதைச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டு, பிறகு ‘நீதான் ஊரை எரித்தாய்’ என்று காட்டுவது நியாயம் இல்லை. தெரிந்துகொண்டு எடுக்கும் முடிவில்தான் முற்றுகை ஆட்டத்தின் உயிரே இருக்கிறது.

அதனால் நான் எதிரிப் படையைத் திட்டமிடும் முன் ஊரைத் திட்டமிடுகிறேன். நான்கு இடங்கள் போதும். வாயில், கிணறு, தானியக் களஞ்சியம், நடக்க முடியாதவர்களும் குழந்தைகளும் பதுங்கியிருக்கும் கூடம். ஐந்தாவது இடத்தைச் சேர்த்துப் பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் அது கவனிப்பாரில்லாமல் போனது. ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு வட்டம் வரைந்து அதைத் துண்டுகளாகப் பிரிக்கிறேன். பிளேட்ஸ் இன் த டார்க் என்ற இன்னொரு ரோல்பிளேயிங் ஆட்டத்தை ஆடியவர்களுக்கு இது ‘கிளாக்’ என்று தெரியும். வாயிலுக்கு 6 துண்டு, களஞ்சியத்துக்கு 4. கதைக்குள் பத்து நிமிடம் நகரும்போதெல்லாம், ஆட்டக்காரர்கள் யாரும் இல்லாத ஒவ்வோர் இடத்துக்கும் ஒரே ஒரு ஆறுமுகப் பகடை. 1 முதல் 3 வரை வந்தால் ஒரு துண்டு நிரம்பும். 4, 5 வந்தால் ஊரார் தாக்குப்பிடிக்கிறார்கள். 6 வந்தால் ஒரு துண்டை அழிக்கலாம். காவல் எதுவும் இல்லாத இடமானால் பகடையே கிடையாது, துண்டு நிரம்பிவிடும். வட்டம் முழுதாக நிரம்பினால் அந்த இடம் போய்விட்டது.

இந்த வட்டங்களை மறைத்து வைக்காதீர்கள். மேசை நடுவில், எல்லார் கண்ணிலும் படும்படி இருக்கட்டும். களஞ்சியம் மூன்று துண்டு நிரம்பியிருக்கிறது, கூடம் இரண்டு, இருவர்தான் ஓட முடியும், யார் எங்கே? ஆட்டக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசத் தொடங்குவார்கள். அப்போது நான் வாயைத் திறப்பதில்லை. காத்திருப்பு என்ற பிரச்சினையே அங்கே தீர்ந்துவிடுகிறது, ஏனென்றால் யாருடைய முறையாக இருந்தாலும் எல்லாரும் ஊரைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருப்பார்கள். 6 விநாடிச் சுற்றுகளை ஆட்டக்காரர்கள் நிற்கும் இடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன், அதுவும் நான்கைந்து சுற்றுக்குள் முடித்துவிட்டு மறுபடி பத்து நிமிடக் கணக்குக்கு வந்துவிடுவேன்.

தாக்குதலுக்கு முந்தைய பகலைப் பலர் இரண்டே வாக்கியத்தில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. என் அனுபவத்தில் முற்றுகையின் மிக நல்ல பகுதி அதுதான். இருட்டுவதற்கு 8 மணி நேரம் இருக்கிறது என்று சொல்லுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் 2 மணி நேரம். வாயிலுக்கு முட்டுக் கொடுக்கலாம், அகழி வெட்டலாம், கூரைகளை நனைக்கலாம், விவசாயிகளுக்கு ஈட்டி பிடிக்கச் சொல்லிக்கொடுக்கலாம், குழந்தைகளைக் காட்டு வழியாக அனுப்பலாம். ஐந்து பேரும் சேர்ந்தே செய்தால் நான்கு வேலைதான் முடியும். பிரிந்தால் நிறைய முடியும், ஆனால் ஒவ்வொன்றும் ஒருவர் உருட்டலை நம்பியிருக்கும். முடித்த வேலைக்கு அட்டை மாதிரி ஒன்றைக் கையில் கொடுத்துவிடுவேன். கூரைகளை நனைத்தவர் இரவில் தீ பிடிக்கும்போது அந்த அட்டையை மேசையில் வைப்பார். பகலில் அவர் தண்ணீர் சுமந்தது வீண் போகவில்லை என்று அவருக்கே தெரியும்.

பகலில்தான் ஊராரைச் சந்திக்கவும் வேண்டும். 20 பேருக்கும் கதை எழுதாதீர்கள், யாருக்கும் நினைவில் நிற்காது. ஆறேழு பேர் போதும். ஆளுக்கு ஒரு பெயர், ஒரு ஆசை, ஒரு பயம். ஆட்டைப் பிரிய மனமில்லாத கிழவி, அப்பாவுக்குத் தெரியாமல் ஈட்டி எடுத்து வந்த பையன், எதிரியோடு பேசிப் பார்க்கலாம் என்று நம்பும் ஊர்த்தலைவர். இரவு வந்ததும் ஒவ்வொரு ஆட்டக்காரரிடமும் நான்கு விவசாயிகள் கொண்ட ஒரு குழுவைக் கொடுத்துவிடலாம். அந்தக் குழுவுக்கு மூன்றே நிலை: நிற்கிறார்கள், தடுமாறுகிறார்கள், ஓடிவிட்டார்கள். உயிர்ப் புள்ளிக் கணக்கு வேண்டாம். (சாதாரண ஊர்வாசிக்கு விதிநூலில் 4 உயிர்ப் புள்ளிதான், ஒரே அடியில் போய்விடுவார். அதை ஆளாளுக்குக் குறித்து வைப்பதில் யாருக்கும் லாபமில்லை.)

எதிரியும் பயப்படுவான். கடைசி ஆள் வரை வெட்டிக்கொண்டிருக்கும் சண்டைதான் நள்ளிரவு வரை இழுக்கிறது. 1981-ல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் அடிப்படைப் பதிப்பில் ஒவ்வொரு வகை எதிரிக்கும் 2 முதல் 12 வரை ஒரு மனஉறுதி எண் உண்டு. இரண்டு ஆறுமுகப் பகடை அந்த எண்ணைத் தாண்டினால் அவர்கள் பின்வாங்குவார்கள் அல்லது சரணடைவார்கள். 2014 கையேட்டிலும் விருப்ப விதியாக விஸ்டம் (விவேகம்) உருட்டல், இலக்கு 10 என்று இருக்கிறது. தலைவன் விழுந்ததும் ஒரு முறை, கூட்டம் பாதியானதும் ஒரு முறை உருட்டுங்கள். அதற்கும் முன்னால், இவர்கள் எதற்காக வந்தார்கள் என்று நீங்கள் முடிவு செய்திருக்க வேண்டும். தானியத்துக்காக வந்தவர்கள் தானியம் கிடைத்ததும் போய்விடுவார்கள். சிலநேரம் ஆட்டக்காரர்கள் களஞ்சியத்தைத் திறந்துவிட்டுக் கூடத்தைக் காப்பாற்றுவார்கள். அதைத் தோல்வி என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை.

இனி சொல்வது விதிநூல்களில் எனக்கு அவ்வளவாகக் கிடைக்காதது. முற்றுகைக் கதை குடும்பங்கள் இருக்கும் இடத்துக்குள் போர் நுழையும் கதை. ஒருமுறை எரியும் வீட்டுக்குள் ஒரு குழந்தை மாட்டிக்கொண்டதை நான் விரிவாக வருணித்துக்கொண்டிருந்தேன். எதிரே இருந்தவர் எழுந்து வெளியே போய்விட்டார். ஏன் என்று அவர் எனக்குச் சொல்லவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியது ஆட்டத்துக்கு முன்னால். இப்போது முற்றுகைக்கு முந்தைய வாரமே ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்டுவிடுகிறேன்: குழந்தைகளுக்கு ஆபத்து, தீ, பட்டினி, ஊரை விட்டு ஓடுவது, இவற்றில் எது வேண்டாம், எது நடந்தாலும் திரைக்குப் பின்னால் நடக்க வேண்டும்? குழுவின் முன் கேட்டால் பலர் ‘எதுவானாலும் சரி’ என்றுதான் சொல்வார்கள், அதனால் தனியாகக் கேளுங்கள். ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் உருவாக்கிய எக்ஸ் கார்டையும் மேசையில் வைக்கிறேன். யாராவது அந்த அட்டையைத் தொட்டால் அந்தக் காட்சியை விட்டு நகர்ந்துவிடுவோம், காரணம் கேட்பதில்லை. இரண்டு அலைத் தாக்குதலுக்கு நடுவில் பத்து நிமிட இடைவேளையும் கட்டாயம். சண்டை சூடாக இருக்கிறதே என்று அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

விடியற்காலைக்கு அரை மணி நேரம் ஒதுக்கி வையுங்கள். நேரம் போதவில்லை என்றால் மூன்றாவது அலையை வெட்டுங்கள், காலையை வெட்டாதீர்கள். பகடைகளை ஓரமாக வைத்துவிட்டு, பகலில் எழுதிய அந்த ஆறேழு பெயர்ச் சீட்டை எடுத்து ஒவ்வொரு பெயராகப் படிக்கிறேன். அவர் இப்போது எங்கே இருக்கிறார், என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பதை ஆட்டக்காரர்களே சொல்வார்கள். போன மாதம் நடந்த ஆட்டத்தில் ஈட்டிப் பையனின் பெயரைப் படித்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவர், “கிணற்றடியில் உட்கார்ந்திருக்கிறான். அவன் அப்பாவைக் கூட்டி வர நான் போகிறேன்” என்றார்.